பென்னி குட்மன், கார்னகி ஹால் 1938: எந்தப் பதிப்பைக் கேக்கலாம்?

உறையூர்வாசி:
ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட் கேட்டுப் பழகின காது எனக்கு. ஜாஸ்ல அதை எப்படி வாசிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க, அமெரிக்க ஜாஸ் கிளாரினெட்காரர் பென்னி குட்மன் நியூயார்க் கார்னகி ஹால்ல தன் பேண்டோட நடத்தின இந்தக் கச்சேரியைப் போட்டேன். ரெண்டு பதிப்பு கிடைச்சுது. ஒண்ணுல ஒரே இரைச்சல். இன்னொண்ணுல இரைச்சல் கம்மி, ஆனா சிம்பல் (டிரம்ஸோட இருக்குற தாளத் தட்டு) மழுங்கிக் கேக்குது. எது உருப்படியானது? அப்புறம், கடைசியில வர்ற 'சிங், சிங், சிங்' முழுக்க தனி ஆவர்த்தனம் மாதிரி டிரம்ஸ்தான் ஓடுது. கிளாரினெட் எங்கய்யா?

தட்டுப்பிரியன்:
இரைச்சல் பதிப்பையே எடுங்க. அது ஜாஸ் வரலாற்று ஆர்வலர் ஃபில் ஷாப் மூல இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிச்சு 1999ல கொண்டுவந்தது. மேடைக்கு மேல தொங்கின ஒரே மைக்குல பதிவானது இவ்வளவு கேக்குறதே பெருசு. தட்டுகள் குட்மன் வீட்டு அலமாரியில கிடந்து, 1950லதான் கொலம்பியா கம்பெனி எல்பி ரெக்கார்டா போட்டாங்க. அதுல 'சம்டைம்ஸ் ஐம் ஹேப்பி', 'இஃப் ட்ரீம்ஸ் கம் ட்ரூ' ரெண்டும் கிடையாது. இரைச்சலை வடிகட்டினா சிம்பலோட மேல் ஒலியும் சேர்ந்து போயிடும், அதான் மழுங்கல்.

டிரம்ஸ் ஜீன் க்ருபா. முதல் உருப்படியில எல்லாரும் கொஞ்சம் மிரண்டு வாசிக்கிறாங்க, இந்த ஆள் ஓங்கி அடிச்சுத்தான் எழுப்பி விடுறார். 'சிங், சிங், சிங்' 12 நிமிஷம். பொறுமையா இருங்க: பின்பாதியில குட்மன் தனியா வர்றார், மேல போகப் போக ஊதல் மெலிசாகுது. அவர் நிறுத்தினதும் ஜெஸ் ஸ்டேசியோட பியானோ. முன்கூட்டித் திட்டமே போடாத சோலோ அது. எனக்கு மொத்தக் கச்சேரியிலயும் அந்த ரெண்டு நிமிஷம்தான் உசத்தி.

ராத்திரி ரேடியோ:
கிளாரினெட்தான் வேணும்னா பெரிய பேண்டை விடுங்க சார். 'பாடி அண்ட் சோல்' போடுங்க, டெடி வில்சன் பியானோ, க்ருபா, குட்மன் மூணே பேர். அப்புறம் வைப்ரஃபோன் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம்) வாசிக்கிற லயனல் ஹாம்ப்டனும் சேர்ற 'அவலான்'. வில்சனும் ஹாம்ப்டனும் கறுப்பர், குட்மனும் க்ருபாவும் வெள்ளையர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில வாசிக்கிறது அபூர்வமா இருந்த காலம், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. 'ஹனிசக்கிள் ரோஸ்' இழுவை, தாண்டிடலாம்.

தட்டுப்பிரியன்:
தாண்டுறதா! லெஸ்டர் யங் சாக்ஸபோன் அதுலதானே இருக்கு. பியானோவுக்கு கவுண்ட் பேஸி, இன்னொரு சாக்ஸுக்கு ஜானி ஹாட்ஜஸ்னு அத்தனை பேரையும் ஒண்ணா வேற எங்க கேப்பீங்க?

உறையூர்வாசி:
'பாடி அண்ட் சோல்' கேட்டாச்சு. மூச்சு விடுற இடமே தெரியல மனுஷனுக்கு. சண்டையை நிறுத்தாதீங்க, 'ஹனிசக்கிள் ரோஸ்' கேட்டுட்டு வர்றேன்.