தவறான மருந்தால் பாதிப்பு: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

திருமங்கலத்திலிருந்து:

என் மாமியாருக்கு முடக்குவாதத்திற்காக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதப்பட்டிருந்தது. அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தும், மருந்துக்கடையில் மாத்திரை உறையின் மேல் "இரவு 1" என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். அத்தை அதைப் பார்த்துத் தினமும் போட்டுக்கொண்டார். வாய் முழுவதும் புண்ணாகிக் கஞ்சிகூட உள்ளே இறங்காத நிலை வந்தது. அக்கம்பக்கத்தில் உடம்புச் சூடு என்றார்கள். காய்ச்சலும் சேர்ந்துகொண்ட பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். அங்கே அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், அட்டை இருக்கிறதா?" என்பதைத்தான். அட்டையையும் உறையையும் பார்த்தவுடன் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. மாத்திரையை நிறுத்தி, அதன் விளைவை முறிக்க ஃபோலினிக் அமிலம் கொடுத்ததில் அத்தை தேறினார்.

பிறகு கடைக்காரர் வீட்டுக்கே வந்து, "அந்தக் கவரை மட்டும் கொடுங்கம்மா, கடையில் விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். நான் நகலை மட்டுமே கொடுத்தேன். சீட்டு, பில், அட்டை, உறை ஆகிய நான்கையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தோம். வாங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கை பில்லில் இருந்தது, மிச்சம் அட்டையில் இருந்தது. எத்தனை உள்ளே போயிற்று என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. வீட்டில் இப்படி ஒன்று நடந்தால், கோபத்தில் மாத்திரைகளைக் குப்பையில் வீசிவிடாதீர்கள் என்பதையே முதலில் சொல்வேன்.

மேலூரிலிருந்து:

மேலே எழுதிய சகோதரிக்குக் கையில் உறை இருந்தது. எங்களுக்கு நடந்ததோ மருத்துவமனைக்குள், அங்கே எழுதப்பட்ட தாள்கள் எல்லாம் அவர்களிடம்தான் இருந்தன.

அப்பா ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தபோது, பேனா வடிவ ஊசிக்குரிய இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டிருக்கிறார்கள். பேனா இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சோ மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி மருந்துக்கென அளவு குறிக்கப்பட்டது. ஆகவே சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். நள்ளிரவில் அப்பா வியர்த்துக் கொட்டி, என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தார். குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் "சர்க்கரை அளவு குறைந்தது" என்ற ஒரு வரிதான் இருந்தது. ஏன் குறைந்தது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை.

சிகிச்சை விவரங்களை எழுதி வைக்கும் கேஸ் ஷீட்டின் நகல் கேட்டதற்கு, "அதெல்லாம் வெளியே தர மாட்டோம் சார்" என்றார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களைத் தர வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு, அப்பாவின் கையெழுத்துடன் மனு எழுதி, நகலில் அவர்களுடைய முத்திரையையும் தேதியையும் வாங்கிய பின்னர்தான் பேச்சின் தொனியே மாறியது. வாயால் கேட்கும்வரை நாம் சண்டைக்காரர், தாளில் கேட்டால் மனுதாரர். வந்த நகலில் செவிலியர் குறிப்பு முழுமையாக இருந்தது. அதை முன்னால் வைத்த பிறகு தலைமை மருத்துவரே உட்கார்ந்து நடந்ததை ஒத்துக்கொண்டார். அப்பா பணம் வேண்டாம் என்றுவிட்டதால் நாங்கள் மேலே செல்லவில்லை. வார்டில் இரண்டு வகை சிரிஞ்சுகளையும் தனித்தனியாக வைக்க ஏற்பாடு செய்தார்கள். அது போதுமா என்று கேட்டால், என் தம்பி போதாது என்பான்.

கே.கே. நகரிலிருந்து:

போதாது என்று நினைப்பவர்களுக்கு எழுதுகிறேன், என் குடும்பத்துக்காக நுகர்வோர் ஆணையம் வரை சென்றவன் என்ற முறையில். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். நாம் கேட்கும் நட்ட ஈட்டை அல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்தே புகாருக்கான கட்டணம் கணக்கிடப்படுகிறது. அது 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சமாதானம் பேசுகிறோம் என்று இழுத்தடிப்பதில் இந்தக் காலம் கரைந்துபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிழை நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தப் பிழையால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்று இன்னொரு மருத்துவர் எழுதித் தந்தால்தான் பெரும்பாலும் வழக்கு நிற்கும். உள்ளூரில் அப்படி எழுதித் தருபவரைத் தேடுவது எளிதல்ல. சிலர் நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ தீர்ப்புக்குப் பிறகு, வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெறாமல் போலீசார் மேற்கொண்டு செல்லக் கூடாது என்பதால், அங்கே ஆத்திரம் தீருமே தவிர வேலை நடக்காது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

உசிலம்பட்டியிலிருந்து:

மருந்தாளுநராக வேலை பார்த்தவன் நான். கடையின் பிழை என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடமும், மருத்துவரின் பிழை என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் எழுத்தில் புகார் தரலாம். அரசு மருத்துவமனை என்றால், ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இவை தவிர 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில், மருந்தால் வந்த பாதிப்பை நோயாளியே தெரிவிக்கலாம். அதனால் நட்ட ஈடு கிடைக்காது, யார்மீதும் நடவடிக்கை வராது. நாடு முழுவதும் இப்படி வரும் தகவல்களை மருந்தியல் கண்காணிப்புத் திட்டம் தொகுத்து ஆராய்கிறது. அழைக்கும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருங்கள், பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.