திருக்கழுக்குன்றத்துப் படிகளும் சதுரங்கப்பட்டினத்து மீனும்

ஜூன் மாதக் கடைசி ஞாயிறன்று, நானும் என் மைத்துனரும் திருவான்மியூரிலிருந்து காலை ஐந்தரை மணிக்குக் கிளம்புவதாகப் பேசி வைத்திருந்தோம். வண்டி நகர்ந்தபோது மணி ஏழரை ஆகிவிட்டது. அந்த இரண்டு மணி நேரத் தாமதத்திற்கு எங்கள் உள்ளங்கால்கள்தாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்; அங்கே நிற்காமல் மேற்கே திரும்பித் திருக்கழுக்குன்றம் சென்றோம். வேதகிரீசுவரர் மலைக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றியபோது கல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தரிசனம் முடித்து இறங்கும்போதோ, நிழல் விழுந்த ஓரங்களைத் தேடித் தேடிக் கால் வைக்க வேண்டியதாயிற்று. மலையேற்றம் என்று முதுகுப்பையும் கைத்தடியுமாகப் போகிறவர்கள் இந்தப் படிகளை வெறுங்காலோடு ஒருமுறை ஏறிப் பார்க்கலாம்.

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தில் ஒதுங்கினோம். பல்லவர் காலத்துக் குடைவரை அது. உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தம் சிறு வயதில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு போனதைக் கண்டதாகச் சொன்னார். உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறுகள் என்னும் பிணந்தின்னிப் பறவைகள்; அவற்றின் வரவு நின்று பல ஆண்டுகளாகின்றன. பிறகு அவரே தூணைக் காட்டி, "இதைப் பார்க்காமல் போகிறீர்களே, தம்பி" என்றார். கல்லில் ரோமன் எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. அருகிலுள்ள கடலோர ஊரான சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து பொறித்துவிட்டுப் போனவை அவை. கோயில் சுவரில் பெயர் கீறுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் அடைகிற நான், இந்த எழுத்துகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்தேன். முந்நூறு ஆண்டு கழிந்தால் குற்றமும் வரலாறாகிவிடுகிறது போலும்.

அவர்கள் வந்த ஊருக்கே போய்ச் சாப்பிடலாம் என்று தோன்றியது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாததால் மீனுக்குக் குறைவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு சிறு கடையில், அம்மா ஒருவர் சங்கரா மீனைக் குறுக்கே கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூண்டும் அரைத்த விழுதைக் கீறலுக்குள் விரலால் அழுத்தி, இரும்புக் கல்லில் போட்டார். மசாலா கருகாமல், மேல்தோல் மட்டும் மொறுமொறுவென்று வந்தது. முந்தைய நாள் வைத்த நெத்திலிக் குழம்பில் மாங்காய் கரைந்து போயிருந்தது. அதை அவர் தயங்கித் தயங்கித்தான் ஊற்றினார். அன்றைய சாப்பாட்டில் அதற்குத்தான் முதலிடம் தருவேன்.

அங்கிருக்கும் டச்சுக் கோட்டை கடலை ஒட்டியே இருக்கிறது. செங்கல் மதில்களைக் கடந்து, உள்ளே இருக்கும் டச்சுக் கல்லறைகளுக்குப் போனோம். பலகைக் கற்களில் குடும்பச் சின்னங்களும் மண்டையோடுகளும் அத்தனை நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருந்தன. என் மைத்துனர் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து எழுத்துக்கூட்டிக்கொண்டே போனார்.

"என்ன தேடுகிறாய், மச்சான்?" என்றேன்.

"மலையில் கிறுக்கியவன் எவனாவது இங்கே படுத்திருக்கிறானா என்று பார்க்கிறேன்" என்றார்.

வெயில் சாயும்வரை தேடினோம். ஒரு பெயரும் பொருந்தவில்லை.