சில கணினிகளில் மட்டும் சர்வரும் இணையமும் வரவில்லை: வைரஸா, ரூட்டர் பழுதா?

கணக்கர்_அச்சகம்:
வணக்கம். எங்கள் அச்சகத்தில் 14 கணினிகளும், கோப்புகளை வைத்திருக்கும் ஒரு சர்வரும், இரண்டு பிரிண்டர்களும் 24 போர்ட் கொண்ட ஒரே ஸ்விட்சில் இணைக்கப்பட்டுள்ளன. கடந்த வியாழக்கிழமை முதல், காலையில் கணினிகளை இயக்கியதும் அவற்றில் நான்கைந்துக்கு இணையமும் சர்வரும் கிடைப்பதில்லை. வியப்பு என்னவென்றால், இன்று பழுதான கணினி நாளை சரியாக இருக்கிறது. நேற்று சரியாக இருந்தது இன்று பழுதாகிறது. இரண்டு முறை மறுதொடக்கம் செய்தால் சில நேரம் சரியாகிவிடுகிறது. யாரேனும் ஊடுருவிவிட்டார்களோ என்று முதலாளி அஞ்சுகிறார். வைரஸ் தடுப்பு மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் சிக்கவில்லை.

கம்பிவடம்:
பழுதான கணினி ஒன்றிலும் நன்றாக இயங்கும் கணினி ஒன்றிலும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஐபிகான்ஃபிக் /ஆல் என்று இட்டு, ஐபி முகவரி, கேட்வே (இணையத்துக்கு வெளியேறும் வழி), டிஹெச்சிபி சர்வர் (கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்குவது) ஆகிய மூன்று வரிகளை மட்டும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் வைரஸைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கணக்கர்_அச்சகம்:
நல்ல கணினியில் முகவரி 192.168.1.23, கேட்வேயும் டிஹெச்சிபி சர்வரும் 192.168.1.1. பழுதான கணினியில் முகவரி 192.168.0.104, மற்ற இரண்டும் 192.168.0.1. எங்கள் ரூட்டரின் முகவரி 192.168.1.1 தான், 192.168.0.1 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன்: பழுதான இரண்டு கணினிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன, கோப்புகளும் பரிமாற முடிகிறது.

கம்பிவடம்:
அந்தக் கடைசி வரியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் வலையமைப்பில் முகவரி வழங்கும் வேலையை இரண்டு ரூட்டர்கள் செய்கின்றன. 192.168.0 வரிசையில் முகவரி பெற்ற கணினிகள் தங்களுக்குள் பேசலாம், 192.168.1 வரிசையில் உள்ள சர்வரையும் உங்கள் ரூட்டரையும் எட்ட முடியாது. முகவரி இல்லாத கணினி, "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று யுடிபி போர்ட் 67க்கு (இது ஸ்விட்சின் துளையல்ல, முகவரிக் கோரிக்கைகளுக்கென ஒதுக்கிய எண்) வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. பதில் தருபவர் யார், அவருக்கு அந்த உரிமை உண்டா என்று அது விசாரிப்பதில்லை, பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு கணினிகள் சிக்குகின்றன.

காலையில் மட்டும் நிகழ்வதற்கும் காரணம் உண்டு. நேற்றைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் கணினி, எழுந்ததும் அதையே மீண்டும் தரும்படி கேட்கிறது. உங்கள் ரூட்டர் சம்மதிக்கும், ஆனால் 192.168.0 வரிசையை வழங்கும் மற்ற ரூட்டரோ, "இது இந்த வலையமைப்புக்குப் பொருந்தாத முகவரி" என்று மறுப்பு அனுப்பிவிடும். மறுப்பு முந்திக்கொண்டால் கணினி பழையதைக் கைவிட்டு முதலிலிருந்து கேட்கத் தொடங்கும். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் கணினியோ, குத்தகைக் காலத்தில் (முகவரி செல்லுபடியாகும் காலத்தில்) பாதி கழிந்த பிறகு, முகவரி தந்த சர்வரிடமே நேரடியாகப் புதுப்பித்துக்கொள்வதால் அதற்குச் சிக்கல் வருவதில்லை.

கண்டுபிடிக்க: பழுதான கணினியில் பிங் 192.168.0.1 -டி என்று ஓடவிட்டு, ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஸ்விட்சில் அந்தக் கணினியின் கேபிளைத் தவிர மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருக வேண்டும். எந்தக் கேபிளைப் பிடுங்கும்போது பதில் நிற்கிறதோ, அதன் மறுமுனையில் நீங்கள் தேடும் ரூட்டர் இருக்கும்.

நிலையான_முகவரி:
இவ்வளவு அலைச்சல் எதற்கு? எல்லாக் கணினிகளுக்கும் கையால் நிலையான முகவரி கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

கம்பிவடம்:
அறிகுறி மறையும், ரூட்டர் அங்கேயே இருக்கும். அதன் வைஃபை வழியாக யார் உள்ளே வருகிறார்கள் என்பதை யாரும் அறியமாட்டார்கள். பிரிண்டருக்கும் சர்வருக்கும் நிலையான முகவரி நல்லது. 14 கணினிகளுக்கும் கையால் எழுதினால், ஆறு மாதத்தில் ஒரே எண்ணை இருவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் உதவி கேட்டு வரவேண்டியிருக்கும்.

காவலன்_443:
முதலாளியின் அச்சத்தை முற்றிலும் புறந்தள்ள வேண்டாம். 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வகுத்த டிஹெச்சிபி முறையில், முகவரி தருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. 2001இல் அதற்கென ஆர்எஃப்சி 3118 வந்தும் அது நடைமுறையில் பரவவில்லை. ஆகவே தீய எண்ணத்தோடு ஒருவர் இதே வேலையைச் செய்தால், முகவரியோடு தன்னுடைய கேட்வேயையும் டிஎன்எஸ் சர்வரையும் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) சேர்த்துக் கொடுத்து, உங்கள் போக்குவரத்து முழுவதையும் தன் வழியாகத் திருப்பிவிட முடியும். அப்போது வங்கித் தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை தோன்றினால் அதைத் தாண்டிச் செல்லாமல் இருப்பதே உங்களுக்குள்ள காப்பு. அடுத்த முறை ஸ்விட்ச் வாங்கும்போது டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வசதி உள்ளதா என்று பாருங்கள். ரூட்டர் இணைந்துள்ள போர்ட்டைத் தவிர வேறு எந்தப் போர்ட்டிலிருந்து முகவரிப் பதில் வந்தாலும் அது தடுத்துவிடும்.

கணக்கர்_அச்சகம்:
கிடைத்துவிட்டது, 17ஆம் போர்ட். வெட்டும் இயந்திரம் இருக்கும் பின்னறையில் கைபேசிக்கு வைஃபை எட்டவில்லை என்று, வடிவமைக்கும் தம்பி வீட்டிலிருந்த பழைய ரூட்டரைக் கொண்டுவந்து காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் செருகியிருக்கிறார். திட்டவில்லை, சிக்னல் இல்லை என்று அவர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதை அங்கேயே வைத்துப் பயன்படுத்த வழி உண்டா?

கம்பிவடம்:
உண்டு. அந்த ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 என்று வையுங்கள், ஆனால் உங்கள் முதன்மை ரூட்டர் வழங்கும் வரிசைக்குள் அந்த எண் இருக்கக் கூடாது, டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். கேபிள் லேன் (உள் வலையமைப்பு) போர்ட்டில்தான் இருக்க வேண்டும், வேன் (வெளி இணைய இணைப்பு) போர்ட்டில் அல்ல. பிறகு பழுதான கணினிகளில் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ் (பழைய முகவரியை விட), ஐபிகான்ஃபிக் /ரினியூ (புதியதைப் பெற) என்று அடுத்தடுத்துக் கொடுங்கள்.

கணக்கர்_அச்சகம்:
செய்தோம். இன்று காலை 14 கணினிகளும் 192.168.1 வரிசையிலேயே எழுந்தன. பழைய ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்தபடியே இருந்தது, வைஃபைக்குக் கடவுச்சொல்லே இல்லை. இரண்டையும் மாற்றிவிட்டு, வேன் போர்ட்டின் மேல் ஒட்டுப்பட்டை போட்டு மூடிவிட்டேன்.