தசாவதாரம் கிளைமாக்ஸ் போதுமாம், சுனாமியைக் காட்டியாச்சாம்

நாகை செல்வி: "தமிழ் சினிமா சுனாமியைக் காட்டலன்னு யார் சொன்னது, தசாவதாரம் கிளைமாக்ஸ் போதாதா"ன்னு சினிமா பிரியன் நேத்து எழுதியிருக்கார். படிச்சதுல இருந்து வயிறு எரியுது. 2004 சுனாமியில எங்க மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்தாங்க. அந்தப் படத்துல அலை எதுக்கு வருது? ஊருக்குள்ள பரவப்போற ஆபத்தான கிருமியை உப்புத்தண்ணியால கொல்ல வருது.

சினிமா பிரியன்: படத்தை ஒழுங்கா பாத்துட்டு பேசுங்கக்கா. அலை வந்தது கடவுள் செயல்னு சொல்றது ஹீரோயின் ஆண்டாள். ஹீரோ கோவிந்த் அதை ஒத்துக்கவே மாட்டான்.

நாகை செல்வி: அவன் ஒத்துக்கலன்னா என்ன? கிருமியைக் கொன்னது அலைதானே?

சினிமா பிரியன்: அதே படத்துல பூவராகன்ங்கற கேரக்டர் அலையில இருந்து பிள்ளைங்களைக் காப்பாத்திட்டு சாகறது உங்க கண்ணுல படவே படாது.

பழைய டிக்கெட்: ஹாலிவுட்காரன் 2012ல எடுத்த சுனாமி படம் தி இம்பாசிபிள் பாருங்க, அழுதுருவீங்க.

கடலூர் மணி: ஹாலிவுட்டா? அது ஸ்பெயின்காரங்க எடுத்த படம். நிஜக் குடும்பமும் ஸ்பெயின், அதை இங்கிலீஷ்காரங்களா மாத்திட்டாங்க. கதை நடக்கறது தாய்லாந்துல, ஆனா அந்த ஊர் ஜனம் தூக்கிவிட மட்டும்தான் வருது. குடும்பம் ப்ளேன் ஏறுச்சு, படம் முடிஞ்சுது.

பழைய டிக்கெட்: இங்கிலீஷ் பேசினா ஹாலிவுட்தான்.

கடலூர் மணி: போன தடவை கொரியப் படத்தை ஜப்பான்னு சொல்லி மூணு நாள் இழுத்த ஆளுதானே நீங்க.

நாகை செல்வி: ப்ளேன் ஏறினதும் முடிஞ்சுது பாருங்க, அதைத்தான் சொல்றேன். கீச்சாங்குப்பத்துல எங்க அத்தைக்கு ரெண்டு பிள்ளையும் போச்சு, அதுக்கு முன்னாடியே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க, அப்புறம் 2005ல கவர்ன்மென்ட்டே மறுபடி பிள்ளை பெத்துக்க அதை மாத்தி இலவசமா ஆபரேஷன் பண்ணிவிடறேன்னு சொல்லி எங்க தெருவுலயே எத்தனையோ பேர் போனாங்க, அத்தையும் போனாங்க, தார் ஷீட்டு கொட்டகையில மே மாச வெயில்ல தையல் போட்ட வயித்தோட படுத்துக் கிடந்தாங்க, 2007ல ஒரு பொண்ணு பொறந்துச்சு, செத்துப்போன மூத்தவ பேரையே வச்சாங்க. ரேஷன் கார்டுல பழைய ரெண்டு பேரையும் எடுக்கவே விடல. ஆபீஸ்ல ஒரே பேர் ரெண்டு தடவை இருக்கேன்னு கேட்டா, ரெண்டும் என் பொண்ணுதான்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அந்தப் பொண்ணை இன்னிக்கு வரைக்கும் தனியா கடற்கரைக்கு விட்டதில்ல. இதை எந்தப் படத்துல காட்டினான்?

சினிமா பிரியன்: அத்தைக்கு நடந்தது கொடுமைதான், இல்லன்னு சொல்லல. அதுக்கும் கோவிந்த் வசனத்துக்கும் என்ன சம்பந்தம்? மூணு மணி நேரப் படத்துல ரேஷன் கார்டும் காட்டணுமா, டாகுமென்டரி எடுத்துக்கங்க.

நாகை செல்வி: ஊரையே அலை அடிக்கறதை கிராபிக்ஸ்ல காட்ட நேரம் இருந்துச்சுல்ல தம்பி. தண்ணி வடிஞ்ச பிறகு காட்ட மட்டும் நேரம் இல்லையா?

சினிமா பிரியன்: கமல் படம்னா உங்களுக்கு எப்பவும் ஆகாது. இந்த க்ரூப்புக்கே தெரியும்.

நாகை செல்வி: கமலைப் பத்தி நான் பேசவே இல்ல. கிருமியைக் கொன்னது அலையா இல்லையா, அதுக்கு பதில் சொல்லு.

சினிமா பிரியன்: கோவிந்த் ஒத்துக்கலன்னு நாலு தடவை சொல்லிட்டேன்.

பழைய டிக்கெட்: நடிச்சவங்க எல்லாம் ஹாலிவுட் ஆளுங்க, அப்ப ஹாலிவுட் படம்தானே.

கடலூர் மணி: டைரக்டர் ஸ்பெயின்.

நாகை செல்வி: நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.