உண்ணிக்கும் அரிப்புக்கும் வேப்பெண்ணெய், பூண்டு, கற்பூரம்: நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கலாமா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயதான நாட்டு நாய் ஒன்றும் ஒன்றரை வயதுப் பெட்டைப் பூனை ஒன்றும் வளர்கின்றன. மழைக்காலம் முடிந்ததிலிருந்து நாயின் காதுமடலிலும் விரலிடுக்குகளிலும் உண்ணிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எடுக்க எடுக்க மறுபடியும் ஏறிவிடுகின்றன. பூனைக்குக் காதருகே மயிர் உதிர்ந்து, நாணய அளவுக்கு வட்டமாகச் செதில் கட்டியிருக்கிறது. அடுத்த தெருவில் மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர், வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சி இரண்டுக்கும் பூசச் சொல்கிறார். பூண்டை நசுக்கிச் சோற்றில் பிசைந்து ஊட்டினால் உண்ணி தானாக உதிர்ந்துவிடும் என்றும் உறுதியாகக் கூறுகிறார். கடையில் விற்கும் மருந்துகளைவிட மூலிகை பாதுகாப்பானது என்றே நானும் எண்ணி வந்திருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: பொருநை (கால்நடை மருத்துவர்)

ஐயா, முதலில் பூனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆபத்து அதற்குத்தான் அதிகம். நம் உடலிலும் நாயின் உடலிலும் கல்லீரலானது பீனால் வகைப் பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அதற்குத் தேவையான முக்கிய நொதி ஒன்று பூனைக்குச் செயல்படுவதில்லை. அரை மாத்திரை பாராசிட்டமால் ஒரு பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதற்கும், கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், தேயிலை மர எண்ணெய் ஆகியவை பூனைக்கு நஞ்சாவதற்கும் இந்தக் குறைபாடு பெரும் காரணமாகும். அதோடு, நாள்தோறும் உடம்பை நக்கித் தூய்மை செய்துகொள்ளும் பிராணியாகையால், பூனைக்கு வெளிப்பூச்சு என்று தனியாக ஒன்று கிடையாது. மயிரில் பூசுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். வேப்பெண்ணெய் பூசப்பட்ட பூனைகள் வாயில் நீர் ஒழுக, நடுக்கத்தோடு சோர்ந்து கிடப்பது உண்டு. கற்பூரமோ தோல் வழியாகவே உடலில் ஏறி நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். நாய்க்கும் அதைப் பூசக் கூடாது.

பூண்டை இரண்டுக்குமே கொடுக்காதீர்கள். வெங்காயம், பூண்டு இனத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினைச் சிதைக்கின்றன. வெங்காயத்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 5 கிராம் உட்கொண்டாலே பூனையின் இரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். நான்கு கிலோப் பூனைக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நாய்க்கு இந்த அளவு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம். பூண்டு வெங்காயத்தைவிட வீரியம் மிகுந்தது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சோர்வும் வெளிறலும் சில நாள் கழித்தே தெரிவதால், ஊட்டியவர் அதைப் பூண்டோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதே இல்லை.

நாய்க்கு வேப்பிலை வேகவைத்த நீரை ஆறவைத்துக் குளிப்பாட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. அரிப்பு ஓரளவு தணியும். ஆனால் உண்ணி நாயின் மேல் வாழும் நேரம் குறைவு. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என மூன்று பருவங்களிலும் ஒருமுறை இரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் பதுங்கிக்கொள்ளும். பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயின் உடம்பில் எதைப் பூசினாலும், வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, நாய் படுக்கும் சாக்கையும் துணியையும் வெந்நீரில் துவைக்காதவரை உண்ணி திரும்பிக்கொண்டேதான் இருக்கும். கடைமருந்திலும் எச்சரிக்கை வேண்டும்: நாயின் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். அதனால் பூனையும் இருக்கும் வீடு என்று மருத்துவரிடம் சொல்லியே மருந்து வாங்குங்கள்.

பூனையின் வட்டத் தடம் படர்தாமரையாக இருக்க வாய்ப்புண்டு. அது வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும். பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, நாய் வழக்கம்போல் சாப்பிடுகிறதா, ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

மறுமொழி: காவிரிப்படுகை

மருத்துவர் ஐயா சொல்லும் எச்சரிக்கைகளை ஏற்கிறேன். ஆயினும் மூலிகை என்றாலே ஆதாரமற்றது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் மாட்டின் மடிவீக்கத்துக்குத் தந்த மருந்தை இன்று தேசிய பால்வள வாரியமே பரிந்துரைக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, மடியைக் கழுவிவிட்டு நாளில் பலமுறை பூச வேண்டும். எங்கள் மாடுகளுக்கு நாங்களும் இதையே செய்கிறோம்.

ஆனால் அந்த மருந்தின் வலிமை, எந்த விலங்குக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை வேளை என்று வரையறுக்கப்பட்டிருப்பதில்தான் இருக்கிறது. பெரியவர் மாட்டு வைத்தியத்தை அப்படியே பூனைக்கு நகர்த்துவது அந்த மரபுக்கே முரணானது. கற்றாழையை எடுத்துக்கொண்டால்கூட, தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். நாய் நக்கிவிட்டால் ஒரு நோய்க்குப் பதில் இரண்டாகிவிடும்.

தயங்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. மலம் இறுகிய நாய்க்கு மஞ்சள் பூசணியை உப்பும் தாளிப்பும் இல்லாமல் வேகவைத்து, உணவில் சிறிது கலந்து கொடுக்கலாம். பூச்சிமருந்து படாத அருகம்புல்லை ஒரு தொட்டியில் வளர்த்தால் இரண்டுமே வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

மறுமொழி: தெருப்பூனைத் தோழி

படர்தாமரை என்றதும் யாராவது குப்பைமேனியைப் பரிந்துரைப்பார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். குப்பைமேனி வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும் என்பது உண்மை. ஆனால் அதன் இலைச்சாறு பூனைக்கு ஒத்துக்கொள்ளும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள மனிதர்கள் குப்பைமேனிக் கஞ்சி குடித்துச் சிவப்பணுச் சிதைவுக்கு ஆளானதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூனையின் ஹீமோகுளோபின் இயல்பிலேயே எளிதில் சிதையக்கூடியது. சீமை அகத்தியும் படர்தாமரைக்குப் பழைய மருந்துதான் என்றாலும், பூனை அதை நக்கினால் வயிறு போகும்.

மூலிகையால் நேரும் பெரிய இழப்பு நஞ்சினால் மட்டுமன்று, கைவிட்டுப் போகும் நேரத்தினாலும் வருகிறது. சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்காரும் கடுவன் பூனைக்கு நெருஞ்சில் கஷாயம் கொடுத்துக் காத்திருப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அடைப்பு முழுமையாக இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்; ஊற்றிய கஷாயம் அடைபட்ட பையை இன்னும் நிரப்பவே செய்யும். இரத்தத்தோடு கழியும் நாய்க்குட்டிக்கு மாதுளந்தோல் கஷாயம் கொடுப்பதும் அப்படிப்பட்டதே. அது பார்வோ வைரஸாக இருந்தால், குட்டியைக் காப்பாற்றுவது நரம்பு வழியாக ஏற்றும் திரவமும் உடனடிச் சிகிச்சையும்தான். தயவுசெய்து இந்த இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா கேட்ட பிறகு உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளிறியிருந்தது, நாய் சோற்றையும் பாதிக்குமேல் தொடவில்லை. அன்றே அழைத்துச் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் என்றும், தட்டணுக்கள் மிகவும் குறைந்துள்ளன என்றும் சொல்லி டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டெங்குவுக்குக் கொடுப்பதுபோல் பப்பாளி இலைச்சாறும் சேர்த்துக் கொடுக்கலாமா?

மறுமொழி: பொருநை (கால்நடை மருத்துவர்)

நல்ல வேளையாக நேரத்தில் போயிருக்கிறீர்கள். எர்லிக்கியா வெள்ளணுக்களுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா; அதை அழிப்பது டாக்சிசைக்ளின்தான், பப்பாளி இலை அன்று. டெங்கு நோயாளிகளிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளில் பப்பாளி இலையால் தட்டணு உயர்ந்தது காணப்பட்டாலும், உங்கள் நாயின் நோய்க்கு அதை மாற்றாகக் கொள்ள முடியாது. துணையாகத் தர விரும்பினால் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். கசப்பால் வாந்தியெடுத்தாலோ உணவை வெறுத்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் இப்போது அதற்கு உணவு மிகவும் அவசியம்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காமல் உணவோடு கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் நாய் துள்ளத் தொடங்கிவிடும். அதைக் கண்டு மருந்தை நிறுத்துபவர்கள் பலர். வழக்கமாக 28 நாள் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும், முடிந்ததும் தட்டணு எண்ணிக்கையை மீண்டும் பார்க்க வேண்டும். பூனையையும் இந்த வாரமே காட்டிவிடுங்கள். அதுவரை அந்தத் தடத்தில் எதையும் பூசாமல், குழந்தைகள் அதைத் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.