சாவுப் பயத்தை அளக்கும் கேள்விகளுக்கு நல்ல தமிழ் வேண்டும்

குழுவில் உள்ள அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். என் பட்டப்படிப்பு ஆய்வுக்காக, திருகோணமலையில் 60 வயதைக் கடந்தவர்களிடம் மரணபயம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முயல்கிறேன். டெம்ப்ளர் என்ற உளவியலாளர் 1970இல் வெளியிட்ட அளவுகோலை எடுத்திருக்கிறேன். 15 கூற்றுகள், சரி அல்லது பிழை என்று பதில், ஆகக் கூடிய புள்ளி 15.

பார்க்க எளிது. தமிழில் கேட்கும்போதுதான் சறுக்குகிறது. 'புற்றுநோய் வருமென்று எனக்குப் பெரிதாகப் பயமில்லை' என்று வாசித்தேன். நிலாவெளியில் ஓர் ஆச்சி "ஓம்" என்றார். பயம் என்கிறாரா, பயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறாரா? திரும்பக் கேட்டேன். "ஓமென்றுதானே சொன்னேன், பிள்ளை" என்று வெற்றிலையை மடித்தார். மூன்றாம் உலகப்போர் பற்றிய கூற்றுக்குச் சிரித்தேவிட்டார். யுத்தத்தையும் 2004 கடலையும் கண்டவரிடம் அதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் அவராகவே சொன்னார்: "சாவு வரட்டும். பாயில் கிடந்து பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது."

பாரமாவது பற்றி அந்த 15இல் ஒன்றுகூட இல்லை. மரணபயத்தை அளக்கும் இன்னொன்றான கொலெட்-லெஸ்டர் அளவுகோல் மரணத்தையும் இறக்கும் நிலையையும், தன்னுடையது, பிறருடையது என்று நான்காகப் பிரிக்கிறது. அதற்கு மாறலாமா?

இவற்றைத் தமிழில் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மூலத்தைப் பார்க்காமல் என் தமிழை ஆங்கிலத்துக்குத் திருப்பித்தர இருவர் வேண்டும். மூதூர், கிண்ணியாப் பக்கம் முதியோரோடு பழகுபவர்கள், 'இறக்கும் நிலை'க்கு வீட்டில் என்ன சொல் புழங்குகிறது என்று எழுதினாலும் பேருதவி. நான் 'இழுத்துக்கொண்டு கிடப்பது' என்று எழுதினேன்; மேற்பார்வையாளர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார்.