எம்.எல்.ஏ வக்கீலுக்கு மட்டும் தனி வாய்தாவா?

அட்லாண்டாக்காரன்: வேற திரியில ஒருத்தர் "எம்.எல்.ஏ வக்கீல் வாய்தா கேக்குறதும் மக்கள் சேவைதான்"னு எழுதிட்டுப் போயிருக்கார், படிச்சதுல இருந்து வயிறு எரியுது. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில சபாநாயகரா இருந்த டேவிட் ரால்ஸ்டன் கிரிமினல் வக்கீலும்கூட, சட்டசபை வேலைன்னு சொல்லி அவர் திரும்பத் திரும்ப வாய்தா வாங்கினதை 2019ல பத்திரிகைக்காரங்க தோண்டி எடுத்தாங்க. அதுல பெரும்பாலான தேதி சபையே கூடாத நாள். கூடாத சபைல என்ன சேவை?

மலைக்கோட்டை: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே எழுதலாம். அங்க சபை வருஷத்துக்கு 40 நாள்தான், மத்த நாள் வக்கீல் தொழில்தான் சோறு போடுது. கூட்டத்தொடர்லயும் அது முடிஞ்சு மூணு வாரத்துக்கும் வாய்தா உண்டுன்னு சட்டமே சொல்லுது. சபாநாயகர் ஆபீஸ் ஸ்டாஃப்ல கேஸ் நடத்துற வக்கீலுக்கும் உண்டு. படிச்சிட்டு வாங்க.

அட்லாண்டாக்காரன்: படிச்சிட்டுதான் சார் கேக்குறேன். அந்த மூணு வாரத்தையும் தாண்டி வாங்கினாரே, அந்த நாளுக்கு பதில்?

செங்காந்தள்: கமிட்டி வேலை இருக்கும்ல, அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. நம்ம எம்.பி.க்கும்தான் 40 நாள் சலுகை இருக்கே.

அட்லாண்டாக்காரன்: மேடம், அது சிவில் கேஸ்ல கைது பண்ணக்கூடாதுங்கறது, வாய்தா இல்ல. கிரிமினலுக்கு அதுவும் கிடையாது. 2022 ஆகஸ்ட்ல கார்கேக்கு அமலாக்கத்துறை சம்மன் வந்தப்ப, கூட்டம் நடக்குதுன்னு காரணம் சொல்லி தவிர்க்க முடியாதுன்னு அப்ப சபைத் தலைவரா இருந்த வெங்கையா நாயுடு ராஜ்யசபாலயே சொல்லிட்டார்.

காவிரிக்கரை: வந்துட்டாருய்யா, கார்கேவை இழுக்காம உங்களுக்கு எந்தத் திரியும் முடியாதா? உங்க கட்சிப் பாசம் எலெக்‌ஷன் நேரத்துலயே தெரிஞ்சுதே.

அட்லாண்டாக்காரன்: கட்சி எங்க வந்துச்சு இதுல? சபை கூடாத நாளுக்கு பதில் சொல்லுங்க.

மலைக்கோட்டை: 2019லயே சட்டத்தைத் திருத்தி ஜட்ஜ் மறுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. முடிஞ்சுபோன கதைக்கு இவ்ளோ ஆவேசமா?

அட்லாண்டாக்காரன்: பழைய சட்டத்துல ஓட்டை இல்லாமலா திருத்தினாங்க? புகார் கொடுத்தவங்க கோர்ட்டுக்கு வர்றதுக்கு லீவு போட்டு வந்து நின்னு அடுத்த தேதியை வாங்கிட்டுப் போகணும், சாட்சிக்கு ஞாபகம் மங்கும், குற்றம்சாட்டப்பட்டவன் ஜாமீன்ல சுத்துவான், காலம் போகப் போக கேஸ் தானா இளைச்சுரும், அதுக்குத்தான் இந்த மாதிரி வக்கீலைத் தேடிப் போறாங்க. சபை கூடாத நாள்ல எதுக்கு வாய்தா, இது ஒண்ணுக்கு யாரும் வாயே திறக்கல.

செங்காந்தள்: சொல்லியாச்சு, கமிட்டின்னு.

அட்லாண்டாக்காரன்: எல்லா நாளும் கமிட்டியா?

மலைக்கோட்டை: போன தடவை பார்க்கிங் அபராதத் திரியிலயும் இதே மாதிரி ஒரே கேள்வியைப் பிடிச்சுத் தொங்கினீங்க. அங்க நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல, முதல்ல அதைச் சொல்லுங்க.